தவமலருக்கு வைத்த மரவள்ளிப் பாயாசம்

அன்புவழிபுரத்தில் பத்மாசனியின் வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு வயிறும் நிறையும், காதும் நிறையும். மீன்குழம்பு ஊற்றிய தட்டோடு தயிர் கேட்டால், தோல் வெளுத்துச் சொறிந்துகொண்டு திரி, எனக்கென்ன என்பாள். இரவில் தயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இனிப்பு எதுவானாலும் சோற்றுக்கு முன்னால் வரும்; கடைசியில் தின்றால் அது மேலே கிடந்து புளிக்குமாம். கிழங்கு என்றால் மத்தியானம் மட்டும். வயிற்று நெருப்பு நன்றாக எரிகிற நேரத்தில்தான் பாரமான சாமானைப் போட வேண்டும், அணையப்போகிற அடுப்பில் பச்சை விறகைத் திணிக்கிறவன் மடையன் என்பது அவளுடைய கட்சி.

இதெல்லாம் அவள் புத்தகம் படித்துக் கற்றதில்லை. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் நகரத்தில் ஓர் ஆயுர்வேத மருந்துக்கடையில் சரக்கு இடித்தவள். கைக்கு உலக்கை இருந்தது, காதுக்கு வேலையில்லை. முன்னறையில் வைத்தியர் நோயாளிகளுக்குச் சொன்ன பத்தியம் அத்தனையும் பின்னறையில் இவள் காதில் விழுந்தது. எது சூடு, எது குளிர்ச்சி, எதோடு எது சேராது என்பதையெல்லாம் பிடித்துக்கொண்டுவந்து தன் குசினிக்குச் சட்டமாக்கிவிட்டாள். அந்தச் சட்டத்துக்கு முப்பது வருடமாகக் கட்டுப்பட்டுச் சாப்பிடுகிறவர் புருசன் கதிரவேல். துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை.

சட்டங்களில் ஒன்று அவளுடையது மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பொது. மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றுக்குள் இஞ்சி போகக்கூடாது. பச்சை இஞ்சியும் கூடாது, காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பும் கூடாது, இஞ்சித் தேத்தண்ணியும் கூடாது. போனால் நஞ்சு. படித்த டொக்டர்மார் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் வீட்டிலும் மரவள்ளி அவிக்கிற அன்றைக்கு இஞ்சிப் போத்தலை எடுத்து உயரத்தில் வைத்துவிடுவார்கள்.

பத்மாசனியின் மரவள்ளிப் பாயாசத்துக்குப் பெயர் இருந்தது. கிழங்கு அன்று காலையில் மண்ணிலிருந்து கிண்டியதாக இருக்க வேண்டும். நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறவனின் முன்னாலேயே முறித்துப் பார்ப்பாள். உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தால், உன் மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடு என்று திருப்பிக் கொடுப்பாள். மூடாத சட்டியில் அவித்து, முதல் தண்ணீரைக் கொட்டி, மறு தண்ணீரில் பூப்போல வேகவிட்டு, நடு நாரை உருவி மசிப்பாள். வறுத்து அவித்த பாசிப்பயறு, தண்ணீரான தேங்காய்க் கப்பிப்பால், பனங்கட்டிப் பாகு, இறக்கும்போது கெட்டியான முதற்பால். மற்றப் பாயாசம் என்றால் மந்தம் போக வேர்க்கொம்பு ஒரு சிட்டிகை விழும். இதில் அது விழாது. அந்த வேலையைச் சீரகத்தூளும் ஏலமும் ஒரு கரண்டி நெய்யும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பாயாசத்துக்காகவே வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் வந்தவள் கதிரவேலின் தங்கை தவமலர். விதவை. இரண்டு ஒழுங்கை தள்ளி, மகள் தேனுகாவோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை மீன் இல்லை, பாலுக்குத் தடை இல்லை என்ற கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும். குசினிக்குள் வந்து, யன்னல் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு, சட்டியையும் வாங்கிக் கரண்டியால் சுரண்டுவாள். பத்மாசனி விட்டுவைப்பாளா? இந்த உடம்போடு ஒழுங்கையில் வந்தால் எதிரில் ஓட்டோ வர ஏலாது என்பாள். தவமலர் குலுங்கிச் சிரிப்பாள்.

"தின்னத்தானே வந்தனான் மச்சாள். உங்கட பேச்சும் எனக்கு ஒரு கறிதான்."

தன் நாக்கு சுடாத ஒரே ஆள் தவமலர் என்று பத்மாசனி நம்பியிருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தவமலர் தடிமனோடு வந்தாள். தும்மித் தும்மியே இரண்டு கிண்ணமும் உள்ளே போயின. பத்மாசனி வீட்டில் யார் தும்மினாலும் அடுப்பில் கொத்தமல்லித் தண்ணி ஏறிவிடும். கொத்தமல்லியும் இடித்த வேர்க்கொம்பும் போட்டு, நான்குக்கு ஒன்றாக வற்ற வைப்பாள். அதற்கு அவள் யோசிப்பதில்லை, கை தானாகச் செய்யும். அன்றும் கை செய்தது. பிளாஸ்கில் ஊற்றி, பின்னேரம் குடி, ஆறவிட்டுக் குடியாதே என்று சொல்லித் தவமலரிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் விடிய தேனுகா ஃபோனில் அழுதாள். அம்மா எழும்பவில்லை.

கதிரவேல் சட்டையைக் கொழுவிக்கொண்டு ஓடினார். பத்மாசனி சேலை மாற்றப் போகிற வழியில் குசினிக்குள் பார்த்தாள். நேற்றுக் கொத்தமல்லி அவித்த சட்டி அடுப்போரம் இருந்தது. அடியில் நார்நாராக வேர்க்கொம்புத் துண்டுகள். பக்கத்தில் பாயாசச் சட்டி. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன கை, இரண்டையும் ஒரே நாளில் ஒரே வயிற்றுக்கு அனுப்பியிருந்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. சக்கையை வாழையடியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் செத்த வீட்டுக்குப் போனாள். மறதி யாருக்கும் வரும். போகிற வழியில் நின்று கழுவினாளே, அதைத்தான் அவளால் பிறகு யாருக்கும் சொல்ல முடியாமல் போனது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். முப்பத்தோராம் நாள் தேனுகா பிளாஸ்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தாள். தவமலர் அதைக் குடித்தாளா, குடிக்காமல் வைத்திருந்தாளா? ஒரு கேள்வி. கேட்டிருந்தால் ஒரு பதில் வந்திருக்கும். பத்மாசனி பிளாஸ்கை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா பிள்ளை என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் குசினியில் கதிரை இழுபட்டது.

கதிரவேல் கோயிலுக்குப் போயிருந்தார். வெயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பத்மாசனி சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கதிரை இருந்த இடத்தில்தான் இருந்தது. பிறகு சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். பூனை என்று நினைத்தாள். பூனை வெள்ளிக்கிழமை மட்டும் வருமா? மூன்றாவது கிழமை சத்தத்தோடு மணமும் வந்தது, இடித்த வேர்க்கொம்பின் மணம். அவள் வீட்டிலிருந்த வேர்க்கொம்பை எல்லாம் கொண்டுபோய் எறிந்தாள். மணம் போகவில்லை. பச்சை இஞ்சியையும் நிறுத்தினாள். மரவள்ளியையும் நிறுத்தினாள். ஒன்றை நிறுத்தினால் போதாதா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. கதிரவேல் வைத்ததைத் தின்றார்.

கதிரையைத் தூக்கி வெளி விறாந்தையில் போட்டாள். வெறும் நிலத்தில் கதிரை இழுபட்டது.

பயந்து நடுங்குகிற பெண்ணில்லை அவள். ஒரு வெள்ளிக்கிழமை அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்து நேரே பேசினாள்.

"தவம், வந்த விசயத்தைக் கேள். கேட்டுப்போட்டுப் போ. சும்மா இருந்து என்ர உயிரை எடுக்காதை."

மூலை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பாள். தின்ன வந்தவள் மாதிரிக் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தேனுகா இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணம் கட்டித் திரியாய்க்குப் போனாள். மாப்பிள்ளை தனோஜன் படகு எஞ்சின் திருத்துகிறவன். அவள் குச்சவெளியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் பத்மாசனி சமைக்கவில்லை, கை உளைவு என்று சொல்லிவிட்டாள். தேனுகாவின் வாயில் போகிற எதையும் தன் கையால் தொட அவளுக்குப் பயம். ஆனால் பிள்ளையை இரண்டு கிழமை காணாவிட்டால் படலையடியில் போய் நின்று பஸ் பார்ப்பாள்.

இந்த ஆவணியில் தேனுகா ஏழு மாத வயிற்றோடு வந்து இறங்கினாள். இரண்டு காரியம் கேட்டாள். பிள்ளைப்பேற்றுக்கு மாமி வீட்டுக்குத்தான் வருவாளாம், முப்பத்தொரு நாள் பத்தியமும் மாமியின் கையால்தானாம். மற்றது, அம்மாவின் திவசம் இந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வருகிறது. கோயில் பூசையோடு விடாமல் வீட்டில் படைக்க வேண்டும், அம்மாவுக்குப் பிடித்த மரவள்ளிப் பாயாசத்தோடு.

பத்மாசனி நினைத்துப் பார்த்தாள். வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து கிடக்கும், தன் கையால் பத்தியம் கொடுப்பாள். அவள் கேட்டுக் கிடைக்காத காரியம், கேளாமல் வந்து கதவடியில் நிற்கிறது. ஆனால் பத்தியச் சரக்கில் பாதி வேர்க்கொம்பு. தாயை அனுப்பிய கையால் மகளுக்கு எப்படி அரைத்துக் கொடுப்பது? சொல்லாமல் கொடுக்க ஏலாது. சொன்னால் இந்தப் பிள்ளை எழும்பிப் போய்விடும், பிறகு திரும்பாது.

முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி படையலடியில் நிற்கக் கூடாது என்றாள். அது என்னுடைய அம்மா, மாமி; பேய் இல்லை என்று தேனுகா சிரித்தாள். பத்மாசனிக்குச் சிரிப்பு வரவில்லை.

திவசத்தன்று காலையில் நான்கு வருடத்துக்குப் பிறகு மரவள்ளி அந்த வீட்டுக்குள் வந்தது. தேனுகா தேங்காய் துருவினாள். பத்மாசனி கிழங்கை முறித்தாள், அவித்தாள், தண்ணீரைக் கொட்டினாள். கை மறக்கவில்லை. அன்றைக்கு அவள் யாரையும் ஏசவில்லை. உப்பு வாங்கப் போய் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நின்ற கதிரவேலைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதற்கே பயந்துபோய் முற்றத்தில் இருந்துகொண்டார்.

முதற்பாலை ஊற்றும்போது மணி பன்னிரண்டரை. முதுகுக்குப் பின்னால் கதிரை இழுபட்டது. மணம் எழும்பியது. இந்த முறை மூலையிலிருந்து வரவில்லை, அவள் கிண்டிக்கொண்டிருந்த சட்டிக்குள்ளிருந்தே வந்தது. வேர்க்கொம்பு, மூக்கில் ஏறுகிற காரம்.

"பிள்ளை, இஞ்ச வந்து மணந்து பார். என்ன மணக்குது?"

தேனுகா குனிந்து மணந்தாள். "ஏலம். நெய். ஏன் மாமி?"

பத்மாசனி அடுப்பை அணைத்தாள். சுவாமியறையில் வாழையிலை விரித்து, சோறு கறி எல்லாம் வைத்தாகிவிட்டது. இந்தக் கிண்ணம்தான் பாக்கி. கிண்ணத்தில் ஊற்றினாள். தூக்க முடியவில்லை.

"இதை உன்ர அம்மாவுக்கு வைக்க எனக்கு ஏலாது" என்றாள். "அவளை நான்தான் அனுப்பினனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாயாசம், தடிமன், பிளாஸ்க், வாழையடி, சாம்பல் போட்டுத் தேய்த்த சட்டி. ஒன்றையும் மெழுகவில்லை. மீனை வெட்டிக் குடல் எடுக்கிற மாதிரி எடுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமைச் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அது இவளுக்கும் தவமலருக்கும் இடையிலான காரியம்.

தேனுகா துருவலைப் பலகையில் போய் உட்கார்ந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"குடிச்சவளோ?" என்று பத்மாசனி கேட்டாள். நான்கு வருடக் கேள்வி, இவ்வளவு சின்னதாக வந்தது.

"ஓம். முழுக்கக் குடிச்சவா. மச்சாளின்ர கை மருந்து எண்டு அடியில கிடந்ததையும் விடேல்லை."

பத்மாசனி அடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டாள். தேனுகா நிறுத்தவில்லை. அம்மா சாவதற்கு இரண்டு மாதம் முன்பு சந்தையில் மயங்கி விழுந்தாவாம். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தக்குழாயில் அடைப்பு, கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்களாம். மாத்திரை தந்தார்களாம். அம்மா மாத்திரையை ஒருநாள் போட்டு மூன்றுநாள் விட்டாவாம். கொழும்புக்குப் பிறகு போகலாம் என்றாவாம். விடியப்புறம் படுத்தபடியே நெஞ்சு நோகுது என்றவா, பிறகு எழும்பவில்லை. கிழங்கும் இஞ்சியும் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றாள் தேனுகா.

"இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" பத்மாசனியின் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சிருந்தா அவளைக் காதில பிடிச்சு இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போயிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

"என்னது?"

"நீங்கள் ஏசிப் பேசுவீங்கள் எண்டு பயம் மாமி. நீ தின்னுற தீனுக்கு வந்த வருத்தம் எண்டு பேசுவீங்கள், பிறகு குசினிப் பக்கம் விடமாட்டீங்கள் எண்டவா. சொல்லக் கூடாதெண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவா. நானும் பயத்தில வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அம்மா செத்தாப் பிறகு அதைவிடப் பயம்."

பத்மாசனி அந்த மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. தவமலரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. உங்கட பேச்சும் ஒரு கறிதான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பயந்த ஒரு மனுசி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக. இவள் கரண்டியால் பாயாசமும் நாக்கால் உறைப்பும் பரிமாறிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான்கு வருடம் ஒரு வேர்க்கொம்புத் துண்டைக் கட்டிப்பிடித்து அழுதாயே, விசர் பிடித்தவளே என்று தன்னைத்தானே மனதுக்குள் ஏசினாள். அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இஞ்சி என்றால் ஒருநாள் பிழை. நாக்கின் பிழை முப்பது வருடம்.

மணம் இன்னும் சட்டியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது.

கிண்ணத்தைத் தேனுகா தூக்கிக்கொண்டு போய் இலையில் வைத்தாள். கதிரவேல் வந்து கற்பூரம் கொளுத்தினார். செத்தவர்கள் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பது வழக்கம். கதிரவேல் முற்றத்துக்குப் போனார். பெண்கள் இருவரும் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தார்கள்.

உள்ளே கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, அவசரமில்லாமல். தேனுகாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

"பிள்ளைப்பேற்றுக்கு நீ இஞ்ச வரமாட்டாய், என்ன" என்றாள் பத்மாசனி. கேள்வியாகக் கேட்கவில்லை.

தேனுகா காலை நீட்டி விரல்களை அமத்திப் பார்த்தாள். வீங்கியிருந்தன.

"எனக்குச் சீனி வருத்தம் மாமி. வயிற்றில பிள்ளையோட வாற சீனி. போன மாதமே கிளினிக்கில சொன்னவை. தனோஜனுக்கும் சொல்லேல்லை. அவருக்குச் சொன்னா அது உங்கட காதுக்கு வந்திடும்."

பத்மாசனியின் வாயில் ஏச்சு வந்து வரிசையாக நின்றது. ஒரு மாதமாகவா? படித்த பெட்டையா நீ? பிள்ளைக்கு ஏதும் வந்தால் யார் பதில் சொல்வது? இன்றைக்கு ஒரு கிண்ணம் பனங்கட்டிப் பாயாசத்தை உனக்கு நான் ஊற்றித் தந்திருந்தால்? எல்லாம் நியாயமான பேச்சு. ஒவ்வொன்றுக்கும் உரிமை இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். தேனுகாவின் தோள் தன்னையறியாமல் ஒடுங்குவதைக் கண்டாள், அடி விழப்போகிறது என்று தெரிந்த ஆளின் தோள் மாதிரி.

அதைக் கண்ட பிறகு மூடினாள். மூட நேரம் எடுத்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"என்ன?"

"சீனி. எவ்வளவு எண்டு எழுதினவை?"

"கொப்பியில இருக்கு."

"கொண்டா."

தேனுகா கைப்பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். பத்மாசனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பாதி விளங்கவில்லை. விளங்காததை விரலால் தொட்டுக் கேட்டாள். அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டாள். திங்கட்கிழமை. தானும் வருவதாகச் சொன்னாள்.

"வந்து அங்க நேர்ஸ்மாரைப் பேசுவீங்கள்."

"பேசமாட்டன் எண்டு சொல்ல ஏலாது. பாப்பம். திரியாயில காலமை என்ன தின்னுறனி? உள்ளதைச் சொல்லு."

தேனுகா முதலில் பாதியைச் சொன்னாள். பத்மாசனி சும்மா இருந்தாள். சும்மா இருக்கிறாள் என்று கண்டதும் மற்றப் பாதியும் வந்தது: மாமியார் தருகிற இரண்டு தட்டு வெள்ளைச் சோறு, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ, அலுவலக மேசைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கிறீம் பிஸ்கட். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி மாமியின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே சுரண்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. பத்மாசனி சேலைத் தலைப்பை வாயில் அமத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு என்ன, பிறகு என்ன என்று தலையாட்டினாள்.